வேப்பிலைத் தீர்மானம்

9-12-1946, திங்கள்

செருப்பு வார் அறுந்துபோய், உப்பளத் தெரு முழுக்க வெறுங்காலோடு நடந்தேன். உப்பு மண் பாதத்தை அரித்தெடுத்துவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் காலைப் பார்த்துவிட்டு, "பனைத்துறை பஞ்சாயத்து போர்டு அதோட ஹெல்த் விசிட்டருக்கு ஒரு ஜோடி செருப்புகூட வாங்கித் தராதாக்கும்?" என்று கேலி பண்ணினார். வாத்தியாருக்கு வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கால் போனாலும் நாள் நல்ல நாள்தான். உப்பளத் தெருவில் ஒரு வாசலில் வேப்பிலை தொங்கியது. பெரியம்மை. இலை கட்டிவிட்டால் அந்த வீட்டு ஆட்கள் வேலைக்குப் போக மாட்டார்கள், வெளி ஆள் உள்ளே வர மாட்டான், துணி வெளுக்கப் போகாது, அடுப்பில் தாளிக்கக்கூட மாட்டார்கள். இத்தனையையும் நான் வாயால் சொல்லிச் செய்ய வைக்க வேண்டுமென்றால் என் ஆயுசு போதாது. அம்மன் பேரில் அவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை: இலை தொங்குகிற வீட்டுக்கு அக்கம்பக்கம் எல்லார் கையிலும் தடுப்புக்கு அம்மைப்பால் வைத்துக் குத்திவிடுவது.

அடுத்த வீட்டுச் சீனித்தாய் தானும் கையை நீட்டினாள், மகள் முத்துக்கனி கையையும் பிடித்து நீட்டினாள். பிள்ளை போட்ட கூச்சலில் காக்காய் பறந்தது. அவள் புருஷன் மாடக்கண்ணு மட்டும், "எம்மா, மாட்டுச் சீழையா எங் கையில வைக்கப் போற? நாளைக்குப் பாப்பம் தாயி" என்று உப்புப் பாத்திக்கு ஓடிவிட்டான். அளத்தில் மூட்டை தூக்குகிற தடியன், ஊசிக்குப் பயப்படுகிறான்.

திரும்பி வந்து இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியனிடம், "வேப்பிலைதான் சார் எனக்கு மேப்பு. எந்த வீட்டுக்குப் போகணும்னு அதுவே சொல்லிரும்" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

10-12-1946

செருப்பு தைத்தாகிவிட்டது. மாடக்கண்ணு இன்றும் அகப்படவில்லை.

16-12-1946, திங்கள்

ஆத்திரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

போர்டு கூட்டம். ஊரில் அம்மை என்று கேள்விப்பட்டு, பனைத்துறைத் தோணி ஒன்றைக் கொழும்பில் கரைக்கு விடாமல் நிறுத்திவிட்டார்களாம். பிரசிடென்ட் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் தோணி. கருப்பட்டியும் வெங்காயமும் நடுக்கடலில் கிடக்கிறது என்றதும் அண்ணாச்சிக்கு ஊர்ச் சுகாதாரத்தின் மேல் திடீரென்று அக்கறை பொங்கிவிட்டது. உடனே தீர்மானம்: வேப்பிலை கட்டிய வீடு எதுவானாலும் போலீஸ் போக வேண்டும், நோயாளியை வண்டியில் ஏற்றி உப்பளத்துக்கு அப்பால் இருக்கிற ஓலைக் கொட்டகையில் விட வேண்டும். "இலையே அடையாளம் காட்டிக் குடுத்திரும்லா" என்றார் அண்ணாச்சி. என் வாயிலிருந்து வந்த வார்த்தை! நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

எதிர்க்கட்சி மெம்பர் தாணுலிங்கம் எதற்கெடுத்தாலும் அண்ணாச்சியை எதிர்க்கிறவர். வருகிற தேர்தலில் அந்த நாற்காலி அவருக்கு வேண்டும். இதையாவது எதிர்ப்பார் என்று நினைத்தேன். எதிர்க்கவில்லை. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. உப்பளத் தெருவில் வரி கட்டுகிறவன் யார்?

நான் எழுந்து, "கொட்டகையில தண்ணி கிடையாது, பாக்க ஆளு கிடையாது" என்றேன். "உத்தியோகஸ்தர்கள் கேட்டால்தான் பேச வேண்டும்" என்று கிளார்க் உட்கார வைத்துவிட்டான். உட்கார்ந்தேன். இன்னும் எரிகிறது.

18-12-1946, புதன்

மாடக்கண்ணுக்கு முத்துப் போட்டுவிட்டது. சீனித்தாய் வாசலில் இலை கட்டியிருந்தாள். கான்ஸ்டபிள்கள் வந்து வண்டியில் ஏற்றினார்கள். அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இறங்கியிருக்கா, எங்கன கொண்டு போறிய? நான் தண்ணி ஊத்தணும், நான்தான் ஊத்தணும்" என்று கத்தினாள். தெருவே வாசலில் நின்றது. அந்தத் தெரு வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

23-12-1946, திங்கள்

கொட்டகைக்குப் போனேன். ஓலை வழியாக வெயில் அப்படியே மேலே அடிக்கிறது. ஒரு குடம் தண்ணீர் நான் கொண்டுபோனதுதான். மாடக்கண்ணு என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீ அன்னைக்கே குத்துதேன்னு சொன்னேல்லா தாயி" என்றான். அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

25-12-1946

கிறிஸ்துமஸ். கோயிலில் பாட்டு. என் வாயில் வரவில்லை.

26-12-1946, வியாழன்

மாடக்கண்ணு போய்விட்டான். சீனித்தாயை உள்ளே விடவில்லை. அவள் கொண்டு வந்த வேப்பிலைத் தண்ணீரைக் கொட்டகைக்கு வெளியே மண்ணில் ஊற்றிவிட்டுத் திரும்பினாளாம்.

30-12-1946, திங்கள்

ஆபீசில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஊரில் ஒரு வாசலில்கூட வேப்பிலை இல்லை. இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதிவிட்டார்: பனைத்துறையில் அம்மை அடங்கியது. அண்ணாச்சி கற்கண்டு கொடுத்துவிட்டார். நான் என் பங்கை வாங்கவில்லை. "உங்களுக்குச் சந்தோஷமே கிடையாதா அம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அம்மை போலீசுக்குப் பயந்து ஓடுமா சார்? இலைதான் ஓடியிருக்கிறது.

2-1-1947, வியாழன்

இன்று வேண்டுமென்றே மத்தியானச் சோற்று வேளையில் உப்பளத் தெருவில் நடந்தேன். மற்ற நாளில் அந்த நேரம் அந்தத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்: கருவாடு பொரிகிற வாடை, கடுகு வெடிக்கிற சத்தம், மிளகாய்க் காரம், தும்மல். இன்று? ஒன்றுமே இல்லை. புகை எழும்புகிறது, தாளிப்பு மணம் மட்டும் இல்லை. ஒரு வீடு அல்ல, வரிசையாக வீடுகள்.

வாசலில் இலையை எடுத்துவிட்டார்கள். அடுப்படியில் அம்மனை ஏமாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கதவுகளைத் தட்டினேன். "எங்க வீட்டுல ஒண்ணுமில்ல" என்று உள்ளேயிருந்தே குரல். சீனித்தாய் மட்டும் வெளியே வந்தாள். "இலையப் பாத்துப் பாத்துத்தான நர்ஸம்மா நீங்க வந்திய? மறுவாரம் போலீசு வந்துச்சு. இனிமே எங்க வாசல்ல என்ன தேடுதிய?" என்றாள்.

நான் காட்டிக்கொடுத்தேன் என்கிறாள். நானா? நானா சீனித்தாய்? கத்தியிருக்கலாம். கத்தவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன நியாயம் பேசுவது.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. வாசலில் இலை இல்லையென்றால் வீட்டில் யாரும் ஒதுங்கியிருக்க முடியாது. "ஏன் வேலைக்கு வரல?" என்று கூலி கொடுக்கிறவன் கேட்பானே. அதனால் எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். உப்பளத்துக்கு, தோணிக் கரைக்கு, பெரிய வீடுகளில் நெல் குத்த. அம்மைக்காரியின் பாயை மிதித்துவிட்டு நேரே போகிறார்கள்.

3-1-1947

இன்ஸ்பெக்டரிடம் தாளிப்பு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெரியும் அம்மா. எங்க தெருவிலேயே ரெண்டு வீடு" என்றார் மெதுவாக. "தெரிஞ்சுமா ரிப்போர்ட் எழுதினிய?" "தேர்தல் முடியட்டும்மா. பிரசிடென்ட் மனசு நொந்தா என் வேலை என்னாகும்?" மனுஷர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இரண்டாலும் ஊருக்கு வருகிற கேடு ஒன்றுதான்.

சாயங்காலம் தோணிக் கரையில் தாணுலிங்கம் மீட்டிங். நாலு பேர் சேர்ந்ததும், "அம்மை குத்துவது வெள்ளைக்காரன் சூழ்ச்சி! பசுவை வதைத்து எடுத்த பால்! சுயராஜ்யத்தில் இது கிடையாது!" என்று முழங்குகிறார். முன்வரிசையில் நின்று, "அண்ணாச்சி, சுயராஜ்யத்துல அம்மையும் கிடையாதா?" என்று சத்தமாகக் கேட்டேன். கூட்டம் சிரித்தது. தாணுலிங்கம் முகம் போன போக்கை என் வீட்டுக்காரரும் பார்த்திருக்க வேண்டும்.

ஒருத்தருக்குத் தோணி, ஒருத்தருக்கு ஓட்டு. மதராஸிலிருந்து வந்த அம்மைப்பால் குழாய்கள் என் பானை மணலுக்குள் சூடு படாமல் ஈரத்தில் கிடக்கின்றன, நீட்ட ஒரு கை இல்லை. மருந்து இருக்கிறது, அதைக் குத்தத் தெரிந்தவள் இருக்கிறேன். அது யார் கைக்கு எப்போது போகும் என்பதைத் தோணியும் ஓட்டுப்பெட்டியும் அல்லவா தீர்மானிக்கின்றன!

14-1-1947, செவ்வாய்

பொங்கல். உப்பளத் தெருவில் பானை ஏறிய வாசல் மிகச் சில.

21-1-1947, செவ்வாய்

பிரசிடென்ட் வீட்டிலிருந்து ஆள் வந்து, பின்வாசல் வழியாக வரச் சொன்னான். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய அடுப்படி, அத்தனை ஆள், மத்தியான வேளை. கடுகு வாசனை இல்லை.

அண்ணாச்சியின் சம்சாரம் பகவதியம்மாள் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். கல்யாணத்துக்கு நிச்சயமாகியிருந்த மகள் செல்லத்தாய் வேப்பிலை மேல் கிடந்தாள். முகத்தில், கழுத்தில், உள்ளங்கையில். "நெல்லு குத்துதவ ஒருத்தி உப்பளத் தெருவுலேர்ந்து வந்தா. அவ வீட்டுல அம்மைன்னு சொல்லவே இல்ல நர்ஸம்மா" என்று பகவதியம்மாள் அழுதார்கள். சொன்னால் வண்டி வருமே அம்மா, எப்படிச் சொல்வாள்?

அண்ணாச்சி கதவோரம் நின்றார். கூட்டத்தில் மேஜையைத் தட்டுகிற கை, இங்கே நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "வெளிய தெரியாம பாத்துக்கிடலாம்லா?" என்றார்.

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து போற எல்லாருக்கும் தெரியாமலே ஒட்டட்டும். தோணிக்காரன் இங்கனதான கூலி வாங்க வாரான்? அவன் கொழும்புக்கும் கொண்டு போவான்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். "இல்லன்னா வாசல்ல இலையக் கட்டுங்க. ஒரு பய உள்ள வர மாட்டான். அக்கம்பக்கம் கை எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்."

"இலையக் கட்டுனா போலீசு வரணும். எந் தீர்மானந்தான்" என்றார். "எம் பிள்ளைய அந்தக் கொட்டகையில..."

"மாடக்கண்ணும் ஒருத்தனுக்குப் பிள்ளைதான் அண்ணாச்சி."

சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

பகவதியம்மாள்தான் எழுந்தார்கள். கொல்லையில் போய் ஒரு கிளையை ஒடித்தார்கள், நடுக்கூடம் வழியாக நடந்து தெருக்கதவைத் திறந்தார்கள். "ஏளா, என்ன செய்த நீ?" என்று அண்ணாச்சி பதறினார். "எம் மவளுக்கு மூணு தண்ணியும் நாந்தான் ஊத்துவேன். வாரவன் என்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லி, அந்தப் பெரிய வாசல் நிலையில் தன் கையாலேயே கட்டினார்கள். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். முனையில் நின்ற கான்ஸ்டபிள் இலையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், திரும்பி நடந்துவிட்டான்.

என் ஆயுசில் அப்படி ஒரு காரியத்தைப் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. என்னைப் பற்றியும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

22-1-1947, புதன்

அவசரக் கூட்டம். இந்த முறை அண்ணாச்சியே, "ஹெல்த் விசிட்டர் பேசட்டும்" என்றார். கிளார்க் நாற்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினேன்.

பழைய தீர்மானம் ரத்து. இலை கட்டிய வீட்டுக்குள் போலீஸ் கால் வைக்கக் கூடாது. இலையைக் கண்டால் நான் போக வேண்டும், சுற்றியுள்ள வீடுகளில் எல்லாருக்கும் குத்த வேண்டும். இதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்ததைச் சொன்னதும் நிமிர்ந்தார்கள்: இலை தொங்குகிற வீட்டில் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரை ஒருத்தரும் கூலிக்குப் போகக் கூடாது, அதுவரை அந்த வீட்டு ரேஷன் அரிசியைப் போர்டு தன் செலவில் வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

"சும்மா இருக்கவனுக்கு அரிசியா?" என்று பாய்ந்தார் தாணுலிங்கம்.

"அவன் சும்மா இருக்கது அவனுக்காக இல்ல அண்ணாச்சி, உங்க வீட்டுப் பிள்ளைக்காக அவன் வீட்டுல இருக்கான்" என்றேன். "இந்தத் தேர்தல்ல அவனுக்கு ஓட்டு இல்ல. இனி வாரது எல்லாருக்கும் ஓட்டுங்காவ. அன்னைக்கு, அரிசி குடுத்தது ஆரு, மறுத்தது ஆருன்னு அவன் கேப்பான்."

அந்த ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். தாணுலிங்கம் கையைத் தூக்கிவிட்டார். தன்னால்தான் அரிசி கிடைத்தது என்று நாளைக்கே தோணிக் கரையில் பேசுவார், பேசட்டும். தோணி வந்தாலும் ஓட்டு வந்தாலும் எனக்கு என்ன, அரிசி வாசலுக்கு வந்தால் சரி.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அம்மனுக்கு வேப்பிலை கட்டச் சொல்லி போர்டுல தீர்மானமே போட வச்சிட்டியா? ஒங்கப்பா கேட்டா நாசரேத்துலேர்ந்து நடந்தே வந்திருவாரு" என்றார். என் அப்பா தேவபிரசாதம் அங்கே உபதேசியார். வரட்டும். வந்தால் அவர் கையிலும் குத்திவிடுகிறேன்.

27-1-1947, திங்கள்

இன்ஸ்பெக்டரும் என் கூடவே உப்பளத் தெருவுக்கு வந்தார். "பழைய ரிப்போர்ட்டு தப்புன்னு எழுதிப் போட்டுட்டேம்மா" என்றார். பயந்த மனுஷர் அதைச் செய்தது பெரிய காரியம். ஆனால் தெருவில் ஒரு இலைகூட இல்லை. தமுக்கடித்துச் சொன்னால் நம்பிவிடுவார்களா?

29-1-1947

பகவதியம்மாளே அரிசி வண்டியோடு வந்தார்கள்! மகளுக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, பிழைத்துக்கொள்வாள். வண்டியிலிருந்து இறங்காமலே, தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "எம் வீட்டு வாசல்லயும் தொங்குது, எந்தப் போலீசும் வரல. பயப்படாம கட்டுங்கம்மா" என்றார்கள். அப்போதும் கதவுகள் திறக்கவில்லை. அரிசியை வாசல் வாசலாக வைத்துவிட்டு வந்தோம்.

31-1-1947, வெள்ளி

காலையில் தெருமுனை திரும்பினேன். நின்றுவிட்டேன்.

வேப்பிலை! இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கிணற்றடி வரைக்கும். அம்மை இத்தனை வீட்டில் இருக்கிறதே என்று யாராவது தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். மறைந்திருந்ததெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது, இனிப் பிடித்துவிடலாம். நானும் இன்ஸ்பெக்டரும் மாற்றி மாற்றிக் குத்தினோம். விரல் மரத்துப்போயிற்று.

சீனித்தாய் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

17-3-1947

புதிதாக இலை எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் தண்ணீர் ஊற்றி அவிழ்த்தாயிற்று. போனவர்கள் போனதுதான், அவர்களை எந்தத் தீர்மானமும் திருப்பித் தராது. ஆனாலும் இத்தோடு நின்றது.

தேர்தலில் அண்ணாச்சியே ஜெயித்தார். கொட்டகையைப் பிரித்து ஓலையை ஏலம் விட்டுவிட்டார்கள்.

5-5-1947, திங்கள்

ஜில்லாவிலிருந்து ஒரு டாக்டர் வந்து, "வேப்பிலை முறையை மற்ற ஊர்களுக்கும் எழுதப் போகிறோம்" என்று எல்லாரோடும் கை குலுக்கினார். அண்ணாச்சியின் தொலைநோக்கைப் பாராட்டினார். என்னிடம், "நீங்கள்தான் நர்ஸா? நல்லது" என்றார். என் வீட்டுக்காரருக்குக் கோபம். "ஒம் பேரு எங்கன?" என்கிறார். வேம்பாரிலும் ஏரலிலும் இலை கட்டின வாசலுக்கு அரிசி போனால் அதுதான் என் பேர். சரி, கொஞ்சம் கோபம் எனக்கும் இருக்கிறது. கொஞ்சம்தான்.

18-8-1947, திங்கள்

சுதந்திரம் வந்து நாலாவது நாள். உப்பளத் தெருவிலும் வாசலுக்கு வாசல் காகிதக் கொடி. காற்றில் படபடவென்று அடிக்கிறது. மத்தியானம் அந்த வழியாக வந்தேன். கொடிகளுக்கு நடுவில் ஒரு வாசலில் மட்டும் பச்சையாக ஒரு கொத்து.

வேப்பிலை. சீனித்தாய் வீடு.

ஓடினேன். செருப்பு வார் மறுபடி அறுந்தது, அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். முத்துக்கனிக்கு நானே குத்தினேனே, தழும்புகூட நன்றாக விழுந்ததே, எப்படி வரும்? கதவு திறந்தே இருந்தது. பாயில் கிடந்த பிள்ளையைத் திருப்பிப் பார்த்தேன். மார்பு, முதுகெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்பு. பெரியம்மை அல்ல, மணல்வாரி. நாலைந்து நாள் காய்ச்சல் அடித்துவிட்டு இறங்குகிற கட்டத்தில் இருந்தது. எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

"வெறும் மணல்வாரிக்கா தெருவாசல்ல கட்டுன?" என்று சத்தம் போட்டேன்.

சீனித்தாய் அன்று என்னைக் குற்றம் சொன்னதற்கப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "மணல்வாரின்னு எனக்கே தெரியும் நர்ஸம்மா. இருந்தாலும் நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்லா. அதுக்குத்தான் கட்டுனேன்" என்றாள். பிறகு பாயைத் தட்டி, "இருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். முத்துக்கனி தன் கைத் தழும்பை எனக்குக் காட்டினாள். வெளியே தெரு முழுக்கக் கடுகு வெடித்தது, கருவாடு பொரிந்தது, யாரோ தும்மினார்கள். இந்த ஒரு வீட்டில் மட்டும் தாளிப்பு இல்லை.